ஆடியில் போட்ட ரீல், ஆவணியில் வரும் அளவு பிளவுஸ்

கேள்வி: பெரம்பூரில் பிளவுஸ் தையல் கடை நடத்துகிறேன். ஒரு கட்டிங் மாஸ்டர், ஆரி வேலைக்கு (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) மூன்று பெண்கள். இரண்டு வருடத்துக்கு முன் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினோம். அக்கா மகன் மூன்று மாதம் தினமும் ஏதாவது போட்டான். செமஸ்டர் வந்ததும் நின்றது. பிறகு மாதம் 8,000 ரூபாய்க்கு ஓர் ஏஜென்சியிடம் கொடுத்தோம். பண்டிகை வாழ்த்துப் படங்களாகவே போட்டார்கள். நான்கு மாதத்தில் நிறுத்திவிட்டேன். அவ்வப்போது 500 ரூபாய்க்கு பூஸ்ட் செய்வேன், அதாவது காசு கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டச் சொல்வேன். ‘பிரைஸ் ப்ளீஸ்’ என்று ஊர் ஊராக மெசேஜ் வரும், ஆர்டர் வராது. 4,300 ஃபாலோயர்ஸ் இருக்கிறார்கள். தை மாதம் கடையில் மூச்சுவிட நேரமில்லை, வீடியோ எடுக்க ஆளும் இல்லை. இதை வருடக்கணக்கில் விடாமல் நடத்த என்ன வழி? ஃபாலோயர்ஸை விலைக்கு வாங்கலாம் என்கிறார்களே, வாங்கலாமா?
வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் ஆர்டர் நோட்டையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கடை நிரம்பி வழிந்த மாதங்களில் பதிவு ஒன்றும் இருக்காது. வேலை குறைந்த பிறகு, ‘ஐயோ, ஆர்டர் இல்லையே’ என்று ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பதிவு போட்டிருப்பீர்கள். தையல் கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. அக்கா மகனின் செமஸ்டரும் ஏஜென்சியும் அதற்குப் பிறகு வந்த காரணங்கள். உங்கள் தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு. பதிவுகள் அந்தப் பருவத்தோடு ஓடவில்லை என்பதுதான் மூல காரணம்.

கல்யாணப் பெண் பிளவுஸுக்கு எப்போது கடை தேடுகிறாள் என்று பாருங்கள். புடவை எடுத்த பிறகுதான். முகூர்த்தத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு. ஆவணி முகூர்த்தம் என்றால் ஆனிக் கடைசியிலும் ஆடியிலும் தேடுவாள். ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் பட்டு எடுத்த கையோடு, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனைத் தள்ளித் தள்ளி டிசைன் பார்ப்பாள். தை முகூர்த்தம் என்றால் கார்த்திகையிலும் மார்கழியிலும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கடை ஓய்வாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் அந்த இரண்டு மாதங்கள்தான் அடுத்த பருவத்தின் ஆர்டர் முடிவாகும் மாதங்கள். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தின் கடைசிப் பதிவு ‘சித்திரைத் திருநாள் வாழ்த்துகள்’ என்று இருந்தால், கடையை மூடிவிட்டார்கள் என்றே நினைப்பாள்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கூட்டமான மாதங்களில் வீடியோ எடுக்க மட்டும் செய்யுங்கள். அப்போதுதான் நல்ல வேலை கைவசம் இருக்கும். ஓய்வான மாதங்களில் அவற்றை வெட்டி, ஒட்டி, வரிசையில் வையுங்கள். இன்ஸ்டாகிராமிலேயே 75 நாள் வரை முன்கூட்டித் தேதி வைத்துப் பதிவிடலாம்; இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட் வழியாக ஃபேஸ்புக்குக்கும் சேர்த்தே வைக்கலாம். மார்கழியில் உட்கார்ந்து பத்து ரீலுக்குத் தேதி வைத்துவிட்டால் மாசி பிறந்து சில நாள் வரை கவலை இல்லை. தையில் நீங்கள் ஊக்கு மாட்டிக்கொண்டிருக்கும்போது பக்கம் தானாக நடக்கும்.

எத்தனை போடுவது? தினமும் வேண்டாம். உங்கள் வருடத்திலேயே மோசமான வாரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டார், ஆரிப் பெண் ஒருத்திக்குக் காய்ச்சல், வெளியே மழை, வெள்ளிக்கிழமை இரண்டு முகூர்த்தம். அந்த வாரத்திலும் எவ்வளவு போட முடியுமோ அதுவே உங்கள் அளவு. உங்கள் கடைக்கு அது வாரத்துக்கு ஒரு ரீல், இரண்டு ஸ்டோரி, ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதற்கு மேல் போட்டால் போனஸ், அதை அளவாக்கிவிடாதீர்கள். மூன்று மாதத்தில் தொண்ணூறு பதிவு போட்டுவிட்டு ஒன்பது மாதம் காணாமல் போவதைவிட வாரம் ஒன்று வீதம் வருடம் 52 எவ்வளவோ மேல். காரணம், உங்கள் வாடிக்கையாளர் வாராவாரம் பிளவுஸ் தைப்பவர் இல்லை. அவருக்குத் தேவை வரும் நாளில் நீங்கள் கண்ணில் பட வேண்டும், அவ்வளவே.

இனி, எதைப் பற்றி? இப்போது உங்கள் பக்கத்தில் சுடிதார், பீக்கோ, குழந்தைப் பாவாடை, ஆல்டரேஷன் எல்லாம் இருக்கும் என்று யூகிக்கிறேன். அதையெல்லாம் கடையில் தையுங்கள், யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்கான ஆரி பிளவுஸ், வடசென்னைப் பெண்களுக்கு. அப்பாவுடன் பைக்கில் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள்தான் உங்கள் ஆட்கள்: பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி, கொளத்தூர், வில்லிவாக்கம், ஓட்டேரி. மதுரையிலிருந்து ‘பிரைஸ் ப்ளீஸ்’ கேட்டவர் அளவு பிளவுஸைக் கூரியரில் அனுப்பப் போவதில்லை.

யூடியூபை விட்டுவிடுங்கள். ஃபேஸ்புக்கை அழிக்க வேண்டாம். இன்ஸ்டாகிராமில் போடுவது அங்கேயும் தானாகப் போகும்படி இணைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பில் பேசுவார்கள், கூகுள் மேப்பில் வழி கண்டுபிடித்து வருவார்கள். இந்த மூன்று போதும். இன்ஸ்டாகிராமில் யூசர்நேம் தவிர ‘பெயர்’ என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறதே, அது தேடலில் வரும் கட்டம். அங்கே கடைப் பெயரையே மறுபடி எழுதி வீணாக்காமல் ‘ஆரி பிளவுஸ் பெரம்பூர்’ என்று வையுங்கள். 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், யோசித்து எழுதுங்கள். கேப்ஷனிலும் ஊர்ப் பெயர் இருக்கட்டும். பிசினஸ் கணக்குகளின் பொதுப் பதிவுகள் 2025 ஜூலையிலிருந்து கூகுள் தேடலிலும் வரத் தொடங்கியிருக்கின்றன.

வீடியோ எடுக்க ஆள் இல்லை என்கிறீர்கள். ஆள் தேவையில்லை, இடம்தான் தேவை. ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அதன் மேல் வெளிர் நிறத் துணி, பக்கத்தில் போன் ஸ்டாண்ட். பிளவுஸ் ஃபிரேமிலிருந்து கழன்றதும் ஊக்கு வைக்கப் போகும் முன் அந்த ஸ்டூலைக் கடந்துதான் போக வேண்டும். ஆரிப் பெண்களில் ஒருத்தியிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள், மாதம் ஒரு தொகையும் சேர்த்துக் கொடுங்கள். சும்மா செய்யச் சொன்ன வேலை சும்மாவே நின்றுபோகும்.

எடுக்க வேண்டியவை ஆறு துணுக்கு. முடிந்த பிளவுஸின் முதுகுப் பக்கம், 3 நொடி. பெண்கள் முதலில் பார்ப்பது அதைத்தான், அதனால் முடிவை முதலிலேயே காட்டிவிடுங்கள். டிசைன் குத்திய பட்டர் பேப்பரின் மேல் பவுடர் தேய்த்துவிட்டுத் தாளைத் தூக்கும் காட்சி, 4 நொடி. ஆரி ஊசி இறங்கி ஏறி வளையம் கோக்கும் நெருக்கக் காட்சி, 5 நொடி. துணியைத் திருப்பி அடிப்பக்க முடிச்சுகள், 3 நொடி. உள்பக்கம் லைனிங்கும், பின்னால் பிரித்துவிட வசதியாக விட்டிருக்கும் தையல் இடமும், 4 நொடி. புடவையோடு பொம்மை மேலோ தோளிலோ போட்டுக் காட்டுவது, 5 நொடி. மொத்தம் 24 நொடி. நான்காவதையும் ஐந்தாவதையும் பல கடைகள் காட்டுவதே இல்லை. விவரம் தெரிந்த அம்மாக்கள் பிளவுஸைக் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

தொழில்நுட்பக் கோளாறு இரண்டு வரும். டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிவது கேமராவுக்குத் தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டுக் காலை பத்து மணி ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, ஜரியும் ஸ்டோனும் வெள்ளையாகத் தெறித்து டிசைன் தெரியாமல் போவது. திரையில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டாமல் சாய்த்துப் பிடியுங்கள். எடுக்கும் முன் லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். ஆரி போடும் இடத்தில் போன் முழுக்கத் தூசியும் பவுடரும்தான்.

எழுத்துகளைத் திரையின் நடுப்பகுதியில் வையுங்கள். கீழே கேப்ஷனும் வலது ஓரம் பட்டன்களும் மறைத்துவிடும். என்ன எழுத? ‘முதுகும் கையும் ஆரி, 12 நாள், 3,500 ரூபாய்’ என்பது போல வேலை, நாள், விலை. ‘விலைக்கு டிஎம் பண்ணவும்’ என்பதை இன்றே விட்டுவிடுங்கள். விலை எழுதினால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று பயப்படுகிறீர்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும். விலை எழுதாததால்தான் தைக்க வராதவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பதில் சொல்லிச் சொல்லியே நீங்கள் களைத்துப்போகிறீர்கள்.

சினிமாப் பாட்டு போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பிசினஸ் கணக்குக்குப் பெரும்பாலான சினிமாப் பாட்டுகளை இன்ஸ்டாகிராம் காட்டாது; வேறு வழியில் சேர்த்தால் ஒலி அறுக்கப்படலாம். பதிப்புரிமை உள்ள பாட்டு இருக்கும் ரீலை பூஸ்டும் செய்ய விடாது. ஊசி துணியில் படும் ‘டப் டப்’ சத்தமும், மாஸ்டர் கத்தரி ஓடும் சத்தமும் போதும். யாருக்கும் ராயல்டி கிடையாது.

ஒரு முக்கிய விஷயம்: கல்யாணப் பெண்ணின் பிளவுஸை முகூர்த்தத்துக்கு முன் போட்டுவிடாதீர்கள். அவள் யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பாள். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து, படம் கேட்டு, ‘போடலாமா அம்மா?’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சம்மதம் வாங்கிவிட்டுப் போடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கழுத்துக்குக் கீழே.

மெசேஜ் வந்த பிறகு நடப்பதில்தான் பாதி ஆர்டர் நழுவும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் ‘குவிக் ரிப்ளை’ மூன்று எழுதி வையுங்கள்: விலைப் பட்டியல், அளவு கொடுக்க என்ன கொண்டுவர வேண்டும் (பொருந்தும் பழைய பிளவுஸ், புடவை, லைனிங் துணி), கடைக்கு வழி. சாய்கோடு தட்டிச் சுருக்குச் சொல்லைத் தொட்டால் முழுப் பதிலும் வந்துவிடும். தையல் மிஷினில் இருந்து எழாமலே அனுப்பலாம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் சாட்டிலும் ஒட்டிவைக்க லேபிள்கள்: ‘கேட்டார்’, ‘அளவு கொடுத்தார்’, ‘அட்வான்ஸ்’, ‘கொடுத்தாச்சு’. வாட்ஸ்அப் லிங்க்கில் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்க முடியும். இன்ஸ்டாகிராம் பக்கத்து லிங்க்கில் ‘இன்ஸ்டாவில் பார்த்தேன்’, கடை பில்லில் அச்சிடும் கியூஆரில் ‘பில்லில் பார்த்தேன்’, விளம்பரத்தில் ‘விளம்பரம் பார்த்தேன்’ என்று வைத்தால், ஆள் எந்த வழியாக வந்தார் என்று கேட்காமலே தெரிந்துவிடும். சிலர் அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள், பரவாயில்லை.

பிளவுஸைக் கையில் கொடுக்கும்போது, ‘நம்பரை சேவ் பண்ணிக்கோங்கம்மா’ என்று சொல்லி அங்கேயே சேவ் பண்ண வையுங்கள், நீங்களும் செய்யுங்கள். இருவரும் சேவ் செய்திருந்தால்தான் உங்கள் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும். ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரை வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மாதம் ஒன்றுக்கு மேல் அனுப்பினால் பிளாக் செய்வார்கள். பலர் பிளாக் செய்தால் வாட்ஸ்அப் உங்கள் கணக்கையே முடக்கலாம். எங்கிருந்தோ வாங்கிய நம்பர் பட்டியல் பக்கமே போகாதீர்கள்.

இப்போது பணம். 500 ரூபாய் பூஸ்ட் ஏன் ஊர் ஊராகப் போனது என்றால், பதிவுக்குக் கீழே இருக்கும் நீலப் பட்டனை அப்படியே அழுத்தியிருப்பீர்கள். யாருக்குக் காட்டுவது என்பதை அதுவே தேர்ந்தெடுத்துக்கொண்டது. விளம்பரத்தை மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜரில் வையுங்கள். நோக்கம், வாட்ஸ்அப் மெசேஜ். இடம், கடை இருக்கும் புள்ளியில் முள் குத்தி ஐந்தாறு கிலோமீட்டர். பெண்கள், 21 முதல் 50 வரை. கல்யாணப் பெண் மட்டும் போதாது, அம்மாவும் சித்தியும்தான் முடிவெடுக்கிறார்கள். ஏற்கெனவே நன்றாக ஓடிய ரீலையே விளம்பரமாக வையுங்கள், புதிதாக போஸ்டர் அடிக்க வேண்டாம்.

வருடத்துக்கு இரண்டே முறை: ஆவணிக்காக ஆடியில், தைக்காக கார்த்திகைக் கடைசியில். உதாரணக் கணக்கு ஒன்று. தினம் 200 ரூபாய், 20 நாள், 4,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 720 சேர்ந்து 4,720. அதில் 40 பேர் மெசேஜ் செய்தால் ஒருவருக்கு 118 ரூபாய். ஆறு பேர் தைத்தால் ஓர் ஆர்டருக்குச் சுமார் 787 ரூபாய். கூலியும் பொருளும் போக ஓர் ஆரி பிளவுஸில் உங்களுக்கு 1,200 நிற்கிறது என்றால் நடத்தலாம். 600தான் நிற்கிறது என்றால் விளம்பரத்தை நிறுத்திவிட்டு விலையைத் திருத்துங்கள். இந்தக் கணக்கை உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் நாளே ‘ஒன்றும் வரவில்லை’ என்று மாற்றாதீர்கள். யாருக்குக் காட்டுவது என்று அந்த அமைப்பு கற்றுக்கொள்ள, மெட்டாவின் கணக்குப்படி வாரத்தில் ஏறக்குறைய 50 மெசேஜாவது வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் அவ்வளவு வராது. அதனால் எண்கள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி ‘அ’னா ‘ஆ’வன்னாவிலிருந்து தொடங்கும். குறைந்தது ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

அளவிடுவதற்கு செயலி எதுவும் வேண்டாம். ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு வரி: எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் அளவு கொடுத்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எந்த ரீல் அதிகம் அனுப்பப்பட்டது. கடைசியில் சொன்னது லைக் எண்ணிக்கை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதில் முக்கியமான மூன்றாக, பார்க்கும் நேரம், லைக், மற்றவருக்கு அனுப்புதல் ஆகியவற்றை இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார். உங்கள் தொழிலில் அனுப்புதல்தான் ராஜா. ‘அம்மா, இது எப்படி?’ என்று பெண் அனுப்பும் அந்த ரீல்தான் கடைக்கு ஆளைக் கூட்டிவரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைப் பாருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள், மீதியை அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஃபாலோயர்ஸ் வாங்கக் கூடாது. வாங்கியவர்கள் பார்க்க மாட்டார்கள். பத்தாயிரம் பேர் பின்தொடரும் பக்கத்தில் நாற்பது லைக் இருப்பதைப் பார்க்கும் பெண்ணுக்குத்தான் சந்தேகம் வரும். ‘இலவச பிளவுஸ், மூன்று பேரை டேக் செய்யுங்கள்’ போட்டியும் ஏறக்குறைய அதே கதைதான். மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு இலவசமாகத் தைத்துக் கொடுத்துப் பதிவு போடச் சொல்வது நல்ல யோசனை. ஆனால் காசோ பொருளோ கை மாறினால் அது விளம்பரம் என்று பதிவில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு விதி வகுத்திருக்கின்றன.

மறுபடி ஏஜென்சி பிடிப்பதாக இருந்தால், பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் நம்பரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டைக் கொடுக்காமல் பிசினஸ் சூட்டில் ஆள் சேர்த்து அனுமதி கொடுங்கள், வேண்டாம் என்றால் ஒரே தொடுதலில் நீக்கலாம். வாழ்த்துப் படம் வருடத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைக்கு வந்து மாதம் ஒருமுறை வீடியோ எடுக்காத ஏஜென்சி உங்களுக்குப் பயன்படாது.

இந்த வாரம் இரண்டு வேலை. இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு இன்னும் அக்கா மகன் போனில் இருந்தால், மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை உங்கள் நம்பரில் போடுங்கள். ‘காப்பிரைட் மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்’ என்று வரும் மெசேஜில் உள்ள லிங்க்கை யாரும் தொடக் கூடாது என்று அவனிடமும் சொல்லிவையுங்கள். பிறகு ஜன்னலோரம் அந்த ஸ்டூலைப் போடுங்கள்.